இரவில் ஓடுபாதை ஏன் ஏய்க்கிறது?

கேள்வி: தனியார் விமானி உரிமம் வாங்கி ஓராண்டாகிறது. இந்தக் குளிர்காலத்தில் ‘நைட் ரேட்டிங்’ (இரவில் பறப்பதற்கான கூடுதல் தகுதி) பயிற்சியில் சேர்ந்தேன். மூன்றாவது பாடத்தில் தரையிறங்க வரும்போது அதிக உயரத்தில் இருப்பதாகவே தோன்றியது. விசையைக் குறைத்துக்கொண்டே போனேன். பயிற்சியாளர் சட்டென்று கட்டுப்பாட்டை வாங்கி மேலே ஏற்றிவிட்டார். “விட்டிருந்தால் ஓடுபாதைக்கு முன்னாலுள்ள வயலில் இறங்கியிருப்பீர்கள்” என்றார். என் கண்ணில் கோளாறா? பயிற்சியை விட்டுவிடலாமா?
– க.நி., லெஸ்டர்

பதில்: விட்டுவிட வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியிருப்பது கண் நோயின் அடையாளமல்ல. நல்ல பார்வை உள்ளவர்களுக்கும், பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களுக்கும் இதே இடத்தில் இதே பிழை நேர்ந்திருக்கிறது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே உங்களுக்கு நேர்ந்தது நல்லதாகப் போயிற்று.

பகலில் இறங்கும்போது வேலி, மரம், சாலை என்று கீழே தெரிவதையெல்லாம் வைத்துத்தான் உயரத்தைக் கணிக்கிறோம். கணிக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. இரவில் ஊருக்கு வெளியே உள்ள விமானத்தளத்தில் இவை ஒன்றுமே கிடையாது. கரிய வெறுமையில் இரண்டு விளக்கு வரிசைகள் மட்டும் மிதக்கும். அப்போது மூளை, ‘ரொம்ப உயரத்தில் இருக்கிறோம்’ என்று தவறாகச் சொல்லும். விமானிகள் இதை ‘பிளாக் ஹோல் அப்ரோச்’ (சுற்றிலும் விளக்கில்லாத ஓடுபாதையை நோக்கி இறங்குதல்) என்பார்கள். போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட் 1960-களின் பிற்பகுதியில் மாதிரிப் பறத்தல் கருவியில் இதைச் சோதித்தார். வெளியே தெரிந்த விளக்குகளை மட்டும் நம்பி இறங்கிய கைதேர்ந்த விமானிகளே ஓடுபாதைக்கு வெகுமுன்னதாகத் தாழ்ந்து வந்தார்கள். ஓடுபாதை குறுகலாகவோ மேல்நோக்கிச் சரிந்தோ இருந்தால் ஏமாற்றம் இன்னும் கூடும்.

கண்ணின் அமைப்பும் இருட்டில் நமக்குச் சாதகமாக இல்லை. விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கல் ஒளியை உணரும் குச்சிச் செல்கள் இல்லை. மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரமாகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். விமானத்துக்குள் ஏறியபின் கைபேசியைத் திறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இனி என்ன செய்வது? ‘பாப்பி’ விளக்குகள் (ஓடுபாதையோரம் இறங்குசரிவைக் காட்டும் நான்கு விளக்குகள்) உள்ள தளமாகப் பார்த்து அடுத்த சில பாடங்களை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவு சரி. மூன்று சிவப்பானால் தாழ்கிறீர்கள். நான்கும் சிவப்பானால் உடனே விசையைக் கூட்டுங்கள், மனம் என்ன சொன்னாலும் சரி. அந்த விளக்குகள் இல்லாத தளத்தில் ஒரு கணக்கு கைகொடுக்கும். மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 300 அடி. ஓடுபாதை இரண்டு கடல்மைல் தொலைவில் இருக்கும்போது தளத்துக்கு மேல் 600 அடி இருக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லியபடி இறங்குங்கள். சொல்லும் எண்ணும் உயரமானி காட்டும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் உயரமானியையே நம்புங்கள்.

கருவியை நம்பும் பழக்கம் இறங்கும்போது மட்டும் போதாது. 1999 ஜூலை 16 அன்று ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் சிறு விமானத்தில் மார்த்தாஸ் வினியார்ட் தீவை நோக்கிப் போனார். இரவு, கடல்மேல் புகைமூட்டம். சட்டப்படி பறக்கலாம், அடிவானம்தான் தெரியவில்லை. திசையுணர்வு குழம்பி விமானம் கடலில் விழுந்தது என்று விசாரணை முடிவு செய்தது. வானிலை அனுமதிக்கிறது என்பதற்காகக் கிளம்பாதீர்கள். நிலவில்லாத இரவில் கடல்மேலோ மக்கள் வசிக்காத மேட்டுநிலத்தின் மேலோ போகும் பயணத்தை, தகுதி கிடைத்த பிறகும் சில காலம் தள்ளிப்போடுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ஒற்றை என்ஜின் இரவில் நின்றுபோனால்? பகலில்போல வயலைத் தேடிப் பிடிக்க முடியாது என்பதே நேர்மையான பதில். அதனால் கொஞ்சம் சுற்றானாலும் விளக்கெரியும் தளங்களை ஒட்டி, கூடுதல் உயரத்தில் போகிறோம்.

பயிற்சியின் அளவு உங்களை மிரட்டத் தேவையில்லை. பிரிட்டனில் இரவில் மொத்தம் 5 மணி நேரம். அதில் 3 மணி பயிற்சியாளருடன், ஒரு நெடும்பயணமும் சேர்த்து. பிறகு தனியாக 5 முறை மேலெழுந்து, 5 முறை முழுதும் நின்று இறங்க வேண்டும். முடிவில் தேர்வு கிடையாது. ஆனால் 5 மணி என்பது குறைந்தபட்சம்தான். உங்களுக்கு 7 ஆனால் செலவு கூடுமே தவிர வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணைப் பற்றிய சந்தேகம் இன்னும் தீரவில்லையென்றால் கண் மருத்துவரிடம் போய், மங்கல் வெளிச்சத்தில் கிட்டப்பார்வை கூடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அப்படி உண்டு, கண்ணாடியில் சரிசெய்துவிடலாம். கண்ணாடி வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். மாற்றுக் கண்ணாடி விமானத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.