பழைய லேப்டாப், புது டெபியன், கூட நாலு பேர்

லினக்ஸ் மெஷின் மக்கர் பண்ணினால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுடுங்க" என்பதுதான் முதலில் வரும். நான் அதை லேசில் ஏற்பதில்லை. புதிதாகப் போட்டால் கோளாறு போய்விடும், அது ஏன் வந்தது என்ற தடயமும் சேர்ந்தே போய்விடும். அடுத்த மாதம் இன்னொருவர் மெஷினில் அதே கோளாறு வந்தால் சொல்வதற்கு நம் கையில் ஒன்றும் இருக்காது.

சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. எங்கள் ஊரில் கூடுவது அவ்வளவு பெரிய குழு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு டியூஷன் சென்டரில் உட்காருவோம். பாலிடெக்னிக் மாணவி ஒருவர், வங்கியில் ஓய்வுபெற்ற சார் ஒருவர், ஜெராக்ஸ் கடைத் தம்பி, நான், அவ்வப்போது வந்துபோகும் சிலர். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்த பிறகு, பையில் பழைய லேப்டாப்போடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

இங்கே யாரும் முதலில் தீர்வு சொல்வதில்லை. "கடைசியா என்ன பண்ணீங்க? ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு?" இந்த இரண்டு கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் மற்றது. "ஏதோ எரர் வந்துச்சு, பூட் ஆகல" என்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. திரையை முழுசாகப் படம் எடுங்கள். தேவையில்லை என்று நீங்கள் வெட்டிவிடும் வரியில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பியின் லேப்டாப்பையே சொல்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை எஸ்எஸ்டிக்கு மாற்றி, பழையதைக் கழற்றி வைத்திருந்தார். எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்பார்கள். இதுவோ ஆன் செய்ததும் ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்று, பிறகுதான் உள்ளே போனது. எஸ்எஸ்டி டூப்ளிகேட் என்று ஒருவர், ராம் போதாது என்று ஒருவர். மாணவி மட்டும், "அண்ணா, நிக்கிற நேரத்துல வர்ற வரிய ஒரு போட்டோ எடுங்க" என்றார். ஒரு டிஸ்க் பகுதிக்காகக் காத்திருப்பதாக அந்த வரி சொன்னது. கூடவே நீளமான ஓர் அடையாள எண், பக்கத்தில் ஓடும் நொடிகள், 1 நிமிடம் 30 நொடி என்ற கெடு. 'பிளாக் ஐடி' கட்டளையைக் கொடுத்து, மெஷினில் இப்போது உள்ள பகுதிகளின் எண்களை எடுத்தோம். பூட் ஆகும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஸ்வாப் வரியில் இருந்த எண் எதனோடும் பொருந்தவில்லை. அது கழற்றிவைத்த டிஸ்கின் எண். இல்லாத டிஸ்குக்காக மெஷின் 90 நொடி காத்திருந்து, கெடு முடிந்ததும் விட்டுவிட்டு மேலே போயிருக்கிறது. அந்த வரியின் முன்னால் ஒரு '#' போட்டார் தம்பி. அடுத்த தடவை மளமளவென்று திறந்தது. ஸ்வாப் என்பதால் காத்திருப்போடு போயிற்று. டேட்டா வைத்திருந்த பகுதி இப்படிக் காணாமல் போயிருந்தால் அவசர நிலைத் திரையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். டிஸ்க் மாற்றுகிறவர்கள் கழற்றிய கையோடு இந்தக் கோப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு டெஸ்க்டாப்பில் அப்டேட்டே இறங்கவில்லை. களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று 'ஆப்ட்' சொன்னது. சர்வர் மாற்றிப் பார்க்கலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, வங்கி சார் திரையின் மூலையைக் காட்டி, "தேதியப் பாருங்க" என்றார். பல வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி செத்திருந்தது. புதுசு போட்டு, தேதியைச் சரிசெய்ததும் அப்டேட் இறங்கியது.

டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. 12-இலிருந்து 13-க்கு மாறுவதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் 11-இல் இருப்பவர்கள் நேராக 13-க்குத் தாவக் கூடாது, 12 வழியாகத்தான் போக வேண்டும். பேக்கப் எடுத்ததும், வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்களை முடக்கிவையுங்கள். பூட் பகுதியைத் தனியாகச் சிறிதாகப் பிரித்திருந்தால் இடம் இருக்கிறதா பாருங்கள், புதுக் கர்னல் பாதியில் இடமில்லாமல் நின்றால் அதைச் சரிசெய்வது எரிச்சலான வேலை. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' அடைவு ராமுக்குப் போய்விட்டது. குறைந்த ராம் உள்ள மெஷினில் பெரிய வீடியோவை அங்கே போட்டு வேலை செய்கிறவர்கள் திண்டாடுவார்கள். அது அந்தக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது.

மாறியதும் வைஃபை காணாமல் போவது எங்களிடம் அடிக்கடி வரும் புகார். கர்னலோடு வராத தனி டிரைவரைக் கேட்கும் சில வைஃபை சிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அந்த டிரைவரை மறுபடி கட்ட வேண்டும், அதற்கு அதே கர்னலின் ஹெடர் தொகுப்பு வேண்டும். ஹெடர் இல்லையென்றால் டிரைவர் இல்லை, டிரைவர் இல்லையென்றால் ஹெடரை இறக்க நெட் இல்லை! இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங் ஆன் செய்தால் போதும், பெரும்பாலும் நெட் உடனே வந்துவிடும். பூட் மெனுவின் கூடுதல் தேர்வுகளுக்குள் பழைய கர்னலும் இருக்கும். அதில் போனால் வைஃபை பழையபடி கிடைக்கவும் வாய்ப்புண்டு.

உதவி செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து கீபோர்டைப் பிடுங்காதீர்கள். கேட்டவரே தட்டட்டும், நேரமானாலும் பரவாயில்லை. 'சூடோ'வில் தொடங்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால், அது என்ன செய்யும் என்று ஒரு வாக்கியமாவது சொல்லிக் கொடுங்கள். சரியான பிறகு, எது சரிசெய்தது என்பதைக் கேட்டவர் எழுதிவைக்க வேண்டும். எங்கள் குழுவில் அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. மெஷின் மாடல், திரையில் வந்த வரி, செய்தது, பலித்தது, எல்லாம் தமிழில். வைஃபை பிரச்சினையோடு புதிதாக யாராவது வந்தால் இப்போதெல்லாம் நாங்கள் பேசுவதற்கு முன்பே நோட்டு அவர் கைக்குப் போய்விடுகிறது.

புதிதாகப் போடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லாத இடமும் உண்டு. டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. அப்படி ஒரு மெஷின் வந்தால் முதலில் 'எல்எஸ் சிபியு' கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறோம். பிராசசர் 64 பிட்டாக இருந்தும், எப்போதோ யாரோ 32 பிட் சிஸ்டத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டேட்டாவை எடுத்துவைத்துவிட்டு 64 பிட்டைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம். ஆட்டம் என் 270 போன்ற பிராசசர் உள்ள பழைய நெட்புக் என்றால் அதுவும் நடக்காது. அதை 12-லேயே நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்கள் என்றைக்கும் வந்துகொண்டிருக்காது, இதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்று உரியவரிடம் நேராகச் சொல்லிவிடுகிறோம். டைப்பிங் பழகவும் பாட்டுக் கேட்கவும் அது தாராளமாக உதவும்.