மூன்று பேரேடுகள், ஒரு கிரேன்
(கம்ப்யூட்டர் சர்வர்களை ஒன்றாக்குவது பற்றி ஒரு பாடம்)



சர்வர் என்றால் ஹோட்டலில் இலை போட்டுச் சாம்பார் ஊற்றுபவர் என்றுதான் நம் தலைமுறைக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறது. கொடுப்பது சாதம் அல்ல, தகவல்.

கஞ்சிக்கோட்டில் நம் சங்க நண்பர் ஒருவரின் மகள் கோயம்புத்தூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவள், "மாமா, எங்களுக்குக் கோவை, கொச்சி, பெங்களூர் மூன்று ஆபீசிலும் தனித்தனி புராஜெக்ட் சர்வர் இருக்கு. எல்லாம் பழைய பதிப்பு. புதுப் பதிப்புக்கு மாத்தும்போதே மூணையும் ஒண்ணாக்கிடச் சொல்றாங்க. நீங்க ரயில்வேயில் இந்த மாதிரி பார்த்திருப்பீங்களே?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட வேலையில் இருப்பதால் பயன்படும் என்று நம்புகிறேன்.

புராஜெக்ட் சர்வர் என்பது என்ன?

ஒரு பாலம் கட்ட வேண்டும் என்றால் எந்த வேலை முதலில், எது பிறகு, எத்தனை நாள், யார் செய்வார், எந்த இயந்திரம் வேண்டும் என்று அட்டவணை போடுகிறோம். நாங்கள் இதைப் பெரிய காகிதத்தில் பென்சிலால் போட்டோம். இன்று அதை கம்ப்யூட்டரில் போட்டு, பல அலுவலகத்தார் ஒரே சமயத்தில் பார்க்கவும் திருத்தவும் வசதி செய்வதே புராஜெக்ட் சர்வர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் புராஜெக்ட் சர்வர் இவ்வகையில் பலரும் அறிந்தது. இதில் வேலைகளின் பட்டியல் ஒன்று. ஆட்கள், இயந்திரங்களின் பட்டியல் இன்னொன்று. இரண்டாவது பட்டியல்தான் இந்தக் கதையின் உயிர்நாடி.

அந்தப் பெண்ணின் நிறுவனத்தில் பெரிய கிரேன் ஒன்றே ஒன்று. ஆனால் மூன்று சர்வரிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. கோவைக்காரர் 10-ஆம் தேதிக்குக் கேட்கிறார், கொச்சிக்காரரும் அதே 10-ஆம் தேதிக்குக் கேட்கிறார். இரண்டு சர்வருமே "சரி" என்கின்றன. கிரேன் எங்கே போகும்? ஒன்றாக்க வேண்டும் என்று நிர்வாகம் நினைப்பதற்குக் காரணமே இதுதான்.

ரயில்வே கற்ற பாடம்

நமது ரயில்வேயில் கம்ப்யூட்டர் முன்பதிவு 1985 நவம்பரில் டெல்லியில் தொடங்கியது. பிறகு பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து இடங்களில் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு தீவு. வேறு மையத்தின் கீழ் வரும் ஊரிலிருந்து திரும்பி வர டிக்கெட் வேண்டும் என்றால் தந்தி அடித்துப் பதிலுக்குக் காத்திருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும்.

ரயில்வேயின் தகவல் மையமான கிரிஸ் 1986-இல் அமைக்கப்பட்டது. அது எழுதிய 'கான்சர்ட்' என்ற புதிய மென்பொருள் 1994 செப்டம்பரில் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது. ஒரே இரவில் ஐந்து இடத்திலும் மாற்றவில்லை. ஒவ்வொரு மையமாகப் புது மென்பொருளுக்குக் கொண்டுவந்து, இணைத்து, 1999 ஏப்ரலில்தான் ஐந்தும் ஒரே வலையாயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து கம்ப்யூட்டரையும் ஒரே பெட்டியில் போடவில்லை. ஐந்தும் ஐந்தாகவே இருந்தன. ஆனால் ஒரு வண்டியின் படுக்கைகளுக்கு ஒரே ஒரு மையத்தில்தான் பேரேடு. எந்த ஊர் ஜன்னலில் கேட்டாலும் கேள்வி அந்தப் பேரேட்டுக்குப் போய்ப் பதில் வந்தது. பெட்டி எத்தனை என்பது முக்கியமல்ல. ஒரு பொருளுக்கு ஒரே பதிவு என்பதே முக்கியம்.

வண்டி எண்ணும் இப்படித்தான். முற்காலத்தில் ஒவ்வொரு ரயில்வேயும் தன் வண்டிகளுக்குத் தானே 1, 2 என்று எண் போட்டதால் ஒரே எண் பல இடங்களில் இருந்தது. பின்னர் நாடு முழுவதற்கும் பொதுவாக நான்கு இலக்க எண்கள் வந்தன. அவையும் போதாமல் 2010 டிசம்பர் 20 முதல் விரைவு வண்டிகளுக்கு ஐந்து இலக்கம் ஆயிற்று. நம் ஊர் வழியே போகும் திருவனந்தபுரம் மெயில் 2623 என்பது 12623 ஆனது. பழைய எண்ணை அழிக்கவில்லை, முன்னால் ஓர் இலக்கம் சேர்த்தார்கள். அதனால் பழகியவர்களுக்கும் குழப்பம் இல்லை.

ஒரே கட்டடம், தனித்தனிச் சமையல்

புராஜெக்ட் சர்வரில் பலர் ஏமாறும் இடம் இதுதான். பழைய தரவுத்தளங்களைப் புதிய சர்வரில் ஏற்றினால் அவை தாமாக ஒன்றாகிவிடா. ஒவ்வொன்றும் தனித் தளமாகவே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் பட்டியல், தனிக் கிரேன். மூன்று குடும்பம் ஒரே கட்டடத்துக்குக் குடிவந்து மூன்று அடுப்பில் சமைப்பது போல. வாடகை மிச்சம், ஆனால் கிரேன் சண்டை தீராது.

உண்மையிலேயே ஒன்றாக்க வேண்டுமானால் ஒவ்வொரு திட்டத்தையும் தனிக் கோப்பாக வெளியே எடுத்து, பொதுவான ஒரே ஆள் பட்டியலுடன் பொருத்தி, புதிய தளத்தில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்யும்போது ஊழியர்கள் பதிந்த பழைய நேர அட்டைகள் கூட வருவதில்லை. அவற்றைப் பார்க்கப் பழைய சர்வர் வேண்டும். இதை முன்னதாகவே மேலதிகாரிகளிடம் சொல்லிவிட வேண்டும்.

பதிப்பு விஷயத்திலும் குறுக்குவழி கிடையாது. 2003 பதிப்பிலிருந்து 2010-க்குப் போக வேண்டுமானால் நடுவில் 2007-ஐத் தொட வேண்டும்; 2010-இலிருந்து 2016-க்குப் போக 2013-ஐத் தொட வேண்டும். 2010 வரை ஒரு தளத்துக்கு நான்கு தரவுத்தளங்கள் இருந்தன, 2013-இல் அவை ஒன்றாயின, 2016-இல் அதுவும் ஷேர்பாயின்ட்டின் தரவுத்தளத்துக்குள் போய்விட்டது. பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை மீட்டர் கேஜாக இருந்தபோது அதன் பெட்டியைப் பிராட் கேஜ் வண்டியில் கோர்க்க முடிந்ததா? 2008-இல் பாதையை மூடி, மாற்றி, 2015-இல் திறந்த பிறகுதான் வண்டிகள் ஒரே பாதையில் ஓடின. ஆகவே முதலில் மூன்று சர்வரையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அது சரியாக ஓடிய பிறகே ஒன்றாக்க வேண்டும். இரண்டையும் ஒரே இரவில் செய்தால், தவறு நேரும்போது எதனால் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் கண்ட ஒரு தவறு

வேலையில் இருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளின் பாலப் பட்டியலை ஒன்றாகச் சேர்த்தார்கள். பாலங்களுக்குப் பிரிவுவாரியாக எண் என்பதால் 47-ஆம் எண் பாலம் இரண்டு இருந்தது. சேர்த்தவர், ஒன்றை இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று எண்ணி ஒரு வரியை அடித்துவிட்டார். ஒரு பாலத்துக்கென்று அளவெடுத்து அறுத்த மரக்கட்டைகள் மற்றப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று மணி நேரம் வண்டிகளை நிறுத்தி பிளாக் வாங்கியாயிற்று, ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள், கட்டை பொருந்தவில்லை. அன்று வேலை நடக்கவில்லை. அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகள்

1. பெயரை முதலில் சரிசெய். ஒவ்வொரு திட்ட எண்ணுக்கும் முன்னால் ஊர்க் குறி சேர். ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் சம்பளப் பட்டியல் எண்ணைக் கொண்டு ஒன்றாக்கு. பெயரை நம்பாதே, இரண்டு முருகேசன் இருக்கலாம்.

2. நாட்காட்டியைப் பார். மூன்று சர்வரிலும் பொது நாட்காட்டிக்கு ஒரே பெயர் இருக்கும், விடுமுறை வேறாக இருக்கும். கொச்சியில் ஓணம், கோவையில் பொங்கல். கவனிக்காமல் சேர்த்தால் வேலை முடியும் தேதி சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

3. சொல்லின் பொருளைக் கேள். 'முடிந்தது' என்றால் ஓரிடத்தில் வேலை முடிந்தது, வேறிடத்தில் பில் பாஸானது. மூன்று ஊர்க்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசாமல் இது தீராது.

4. ஒத்திகை பார். பிரதி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் முழு வேலையையும் ஒரு தடவை செய்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்.

5. கணக்கை டேலி செய். திட்டங்கள் எத்தனை, மொத்த வேலை மணி எவ்வளவு, ஒவ்வொன்றும் முடியும் தேதி என்ன என்று முன்னும் பின்னும் எழுதிப் பார். ஒன்று குறைந்தாலும் காரணம் தெரியாமல் மேலே போகாதே.

6. திரும்பும் நேரத்தைக் குறித்துவை. பிளாக் வாங்கிய இன்ஜினியர் சொன்ன நேரத்தில் பாதையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வெள்ளி மாலை பதிவை நிறுத்தினால், ஞாயிறு நண்பகலுக்குள் கணக்கு ஒத்துவராவிட்டால் பழையதற்கே திரும்பிவிடு. அதில் வெட்கம் இல்லை.

7. பழைய சர்வர்களை உடனே அழிக்காதே. யாரும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் வைத்திரு.

படித்துவிட்டு அவள், "மாமா, கம்ப்யூட்டர் வேலை இதில் பாதிகூட இல்லையே" என்றாள். உண்மைதான். மீதியெல்லாம் மனிதர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை. முதலில் கொச்சி ஆபீசுக்குப் போய் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

வீட்டில் அப்பாவின் போன், அம்மாவின் போன், பழைய டெலிபோன் நோட்டு மூன்றையும் எடுத்து, உறவினர் பட்டியலை ஒன்றாக்கிப் பாருங்கள். "கோவை சித்தி" என்பதும் "லட்சுமி" என்பதும் ஒருவரேயா? இரண்டு மணி இருந்தால் எந்த மணி? நீங்களாக முடிவு செய்யாமல் பாட்டியைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு அழியுங்கள்.