வயிற்றோட்டத்தின்போது பிள்ளையின் பிட்டம் புண்ணானால்

கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் தொடங்கினால் இரண்டாம் நாளே பிட்டமும் தொடை இடுக்கும் சிவந்துவிடுவதுண்டு. அடுத்த நாள் தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே பிள்ளை வீரிட்டு அழும். அந்த அழுகையைக் கேட்கும் வீட்டார் பல தடவை ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: பாலைக் கொஞ்சம் குறைத்தால் போக்குக் குறையும், போக்குக் குறைந்தால் புண் ஆறும் என்று. இந்தப் பாடத்தை எழுதுவதற்கு முக்கிய காரணம் அந்த முடிவுதான். பாலையும் தண்ணீரையும் குறைத்தால் பிள்ளையின் உடம்பில் நீர் வற்றும். புண்ணின் வலியைப் பிள்ளை அழுது காட்டும். நீர் வற்றும் பிள்ளையோ அழுகை குறைந்து சோர்ந்து படுத்துவிடும். உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இணுவிலுக்கும் அயல் ஊர்களுக்கும் திரும்பும் குடும்பங்களில் இந்தத் தொல்லை கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. பல வருடம் பூட்டிக் கிடந்த வளவு, இறைக்காமல் விட்ட கிணறு, படங்கும் தகரமும் போட்ட தற்காலிகக் கொட்டில், இன்னும் கட்டி முடியாத மலசலகூடம். வன்னியிலிருந்தோ தமிழ்நாட்டு முகாமிலிருந்தோ வந்த பிள்ளைக்குத் தண்ணீரும் புதிது. முதல் மாதங்களில் வயிற்றோட்டம் வந்தால் யாரும் வெட்கப்படத் தேவையில்லை. அதை மறைக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

தோல் ஏன் வெந்ததுபோல் ஆகிறது

சாப்பாட்டைச் சமிக்கச் செய்யும் நொதிகள் எங்கள் குடலில் சுரக்கின்றன. சாதாரண நாட்களில் மலம் மெதுவாக இறங்குவதால் அவற்றின் வேகம் வழியிலேயே குறைந்துவிடும். வயிற்றோட்டத்தில் எல்லாம் விரைவாக ஓடிவருகிறது. நொதிகள் வேகம் குறையாமலே வெளியே வந்து தோலில் படுகின்றன. ஈரத்தில் ஊறி மெலிந்த தோலை அவை அரிக்கத் தொடங்குகின்றன. சிறுநீரும் மலமும் ஒரே துணியில் கலந்து கிடந்தால் அமோனியா உண்டாகி அந்த அரிப்பைக் கூட்டும். அதற்கு மேல் நாங்கள் வேறு அழுத்தித் துடைக்கிறோம்.

மலம் தோலில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதும், தோலுக்கும் மலத்துக்கும் இடையில் ஒரு தடுப்பைப் பூசுவதும்தான் வைத்தியம் என்பது இதிலிருந்து விளங்கும். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கழுவுதல்

பகலில் மணிக்கு ஒரு தடவையாவது துணியை விலக்கிப் பாருங்கள். இரவிலும் எழும்பிப் பார்க்க வேண்டும். அம்மா ஒருத்தியே மூன்று இரவு விழித்திருக்க முடியாது, ஆகவே அப்பாவோ அம்மம்மாவோ முறை மாற்றிக்கொள்ளட்டும். பம்பர்ஸ் கட்டியிருந்தாலும் இதே கணக்குத்தான். அது சிறுநீரை உறிஞ்சும். தண்ணீராகப் போன மலத்தை மணிக்கணக்கில் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். விலை கூடியது என்று பாதி நனைந்த பம்பர்ஸைத் தொடர்ந்து விடுவதைவிட, இந்த நாலைந்து நாளும் பழைய பருத்திச் சேலையில் கிழித்த துணிகளைப் பாவிப்பது நல்லது. துணிக்கு மேல் பிளாஸ்ரிக் காற்சட்டை போட வேண்டாம்.

கழுவுவதற்குக் கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். தோல் உரிந்திருந்தால் துணியால் தேய்க்கவே கூடாது. சிறிய கோப்பையால் மெல்ல ஊற்றுங்கள். அல்லது ஒரு பேசினில் தண்ணீர் விட்டுப் பிள்ளையை இரண்டு நிமிடம் இருத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டால் தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப்பசையும் போய்விடும். நாளுக்கு ஒரு தடவை, மணமில்லாத குழந்தைச் சவர்க்காரம், அவ்வளவுதான். வாசனை போட்ட ஈரத்தாள்கள் எரியும்.

பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். உடனே கட்டிவிடாதீர்கள். ஒரு ரப்பர் விரிப்பின் மேல் பருத்தித் துணி போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளையைத் திறந்தபடி படுக்க விடுங்கள். ஒரு நாளில் இப்படி ஐந்தாறு தடவை செய்தால் ஈரத்தால் ஊறிய தோல் இறுகத் தொடங்கும். இந்த ஊர் வெக்கையில் காற்றுக்கு வேறு செலவில்லை. நேரடி வெயில் மட்டும் வேண்டாம்.

பூசுவது, பூசக் கூடாதது

பாமசியில் சிங்க் ஒக்சைட் கிறீம் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மணமில்லாத பெற்றோலியம் ஜெலி. இதைத் தடவும் முறையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். முகத்துக்குப் பூசுவதுபோல் மெல்லிதாகப் பூசினால் அடுத்த மலத்தோடு போய்விடும். தோலின் சிவப்பு வெளியே தெரியாத அளவுக்குத் தடிப்பாக அப்ப வேண்டும். அடுத்த தடவை கழுவும்போது மேலே பட்ட மலத்தை மட்டும் அகற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கிறீமைச் சுரண்ட வேண்டாம், அதன் மேலேயே திரும்பவும் பூசலாம். முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமென்றால் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்ல ஒற்றினால் கழன்று வரும்.

பவுடர் போடாதீர்கள். தொடை மடிப்பில் ஈரத்தோடு கட்டியாகி உரசும். பறக்கும் தூசி பிள்ளையின் சுவாசத்துக்கும் போகும். டெற்றோல், மஞ்சள் அரைப்பு, திருநீறு, சாம்பல் எதுவும் உரிந்த தோலுக்கு ஆகாது. பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், எதிர்த்துப் பேசத் தேவையில்லை. "அப்பம்மா, தோல் ஆறின பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிடலாம்.

இதைவிடக் கவனம் வேண்டியது வேறொன்று. பக்கத்து வீட்டில் யாருக்கோ படைக்குக் கொடுத்த ரியூப்பை வாங்கிப் பூசும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட கிறீம்கள் பலவற்றில் பூஞ்சணத்துக்கான மருந்தோடு கடுமையான ஸ்ரெரொயிட்டும் கலந்திருக்கும். ஒரு நாளில் சிவப்பு வாடுவதைப் பார்த்து மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் துணி கட்டிய இடத்தில் அந்த மருந்து கூடுதலாக உடம்புக்குள் உறிஞ்சப்படும், தோலும் மெலியும். வைத்தியர் எழுதித் தராமல் பூச வேண்டாம்.

மேலே சொன்னபடி செய்தும் மூன்று நாளில் குறையாமல், தொடை மடிப்புக்குள்ளேயே கடும் சிவப்பாகி, சுற்றிலும் தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சணமாக இருக்கலாம். வெறும் ஈரத்தால் வரும் சிவப்பு பெரும்பாலும் மடிப்பின் உள்ளே போகாது, துணி படும் மேட்டிலேயே நிற்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து குடித்த பிள்ளைகளுக்குப் பூஞ்சணம் எளிதில் வரும். வாய்க்குள் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குத் தனி மருந்து உண்டு. கிளினிக்கில் காட்டினால் எழுதித் தருவார்கள்.

பாலும் ஜீவனியும்

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வழமையைவிட அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் குழைந்த சோறு, கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, பருப்பு, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம், சிறிது சிறிதாகப் பல தடவை. போத்தல் பழச்சாறும் சோடாவும் போக்கைக் கூட்டும். அதோடு புண்ணும் கூடும்.

ஜீவனிப் பக்கற்றில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் அதைக் கரைக்க வேண்டும். ஒரு லீற்றர் என்று இருந்தால் ஒரு லீற்றர்தான். பிள்ளை சின்னது என்று பாதிப் பக்கற்றைக் கண்ணளவில் போடுவது, இனிப்புக்காகச் சீனி சேர்ப்பது இரண்டும் ஆபத்து. கரைத்ததை மூடிவைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, கரண்டியால் கொடுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். சூப்பிப் போத்தல் வேண்டாம், அதைக் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பது இந்தக் கொட்டில் வாழ்க்கையில் கடினம்.

வைத்தியர் நாகச் சத்து மருந்து தந்தால் போக்கு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். வழமையாகப் பத்து முதல் பதினான்கு நாள். பெரியவர்களுக்குப் போக்கை நிறுத்தத் தரும் குளிசைகளை உடைத்துக் கொடுக்கக் கூடாது.

கிணறும் துணியும்

இந்தப் பகுதியில் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அதில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மேலே ஊற்றும் அழுக்குத் தண்ணீர் விரைவாகக் கிணற்று நீரைச் சேரும். ஆகவே பிள்ளையின் துணியைக் கிணற்றடியில் அலச வேண்டாம். முதலில் மலத்தை மலசலகூடத்தில் கொட்டுங்கள், வேலியோரம் எறிய வேண்டாம். துணியைத் தூரத்தில் வாளியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சவர்க்காரம் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காய விடுங்கள். துணியில் தங்கும் சவர்க்காரமும் தோலை எரிக்கும். பிறகு உங்கள் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நீண்ட காலம் பாவிக்காத கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரீன் போடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். இணுவில் குடும்பங்கள் உடுவில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகலாம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புகையிலைக்கும் மரக்கறிக்கும் நெடுங்காலம் உரம் போட்ட வலிகாமத் தோட்டநிலக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பவர்கள் எந்தத் தண்ணீர் பாவிப்பது என்று பரிசோதகரிடமோ மருத்துவமாதுவிடமோ விசாரியுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்

பிள்ளையின் கண் குழிந்திருக்கிறதா, உச்சிக்குழி பதிந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். மெதுவாகத்தான் திரும்பிப் போகிறது என்றால் நீர் வற்றுகிறது. தண்ணீர்ப் போக்கில் சிறுநீர் போனதா என்று கண்டுபிடிப்பது கடினம். துணியின் முன்பக்கம் ஒரு சிறு வெள்ளைத் துண்டு வைத்தால் ஓரளவு தெரியும். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, பால் குடிக்க மறுக்கிறது, குடித்ததெல்லாம் சத்தியாகிறது, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எழுப்ப எழும்பாத சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளை என்றால் வயிற்றோட்டம் தொடங்கிய அன்றே காட்டுங்கள்.

புண்ணில் கொப்புளம், சீழ், மஞ்சள் பொருக்கு, இரத்தக் கசிவு வந்தாலும், சிவப்பு சூடாகப் பரவினாலும் காட்ட வேண்டும். வயிற்றோட்டம் இழுபட்டு, பிட்டத்தில் உள்ள புண்ணைப்போலவே வாயைச் சுற்றியும் கைவிரல்களிலும் வந்தால் உடம்பில் நாகச் சத்துக் குறைந்திருக்கலாம். அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று மக்லியொட் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய காலத்தில் மாட்டு வண்டியில்தான் பிள்ளையைக் கொண்டுபோயிருப்பார்கள். இன்று தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வாகனம் இல்லாவிட்டால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும் இலக்கம் 1990. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த வருடமும் அதுவே என்பதால் எங்கள் சனத்துக்கு அந்த இலக்கம் மறக்காது. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தையும் மாற்றுத் துணிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விழிப்பாக இருந்து விழுங்கினால், போகும் வழியிலும் ஜீவனியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.