சில நொடி நின்று ஓடும் சிஸ்டம்

அன்புத் தம்பி,

கம்ப்யூட்டர் சர்வீஸில் இறங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். அடியோடு செத்துப்போன சிஸ்டம் உன்னை அவ்வளவாகப் படுத்தாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்து, நடுவில் சில நொடி சிலையாக நின்று, பிறகு தானே சரியாகிவிடும் பார், அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். "அப்பப்ப ஹேங் ஆகுது தம்பி" என்று கொண்டுவந்து வைப்பார்கள். உன் மேசையில் நாள் முழுக்க ஓடவிட்டாலும் ஒரு தடவைகூட நிற்காது.

அப்போது "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம் சார்" என்று வாய்வரை வரும். சொல்லிவிடாதே. ஃபார்மட் அடித்தால் கோளாறு விட்டுவைத்திருக்கும் தடயம் அத்தனையும் அழிந்துபோகும். கோளாறு கேபிளிலோ டிஸ்க்கிலோ இருந்தால் அதே சிஸ்டம் கொஞ்ச நாளில் உன் வாசலுக்கே திரும்பி வரும்.

முதலில் ஆளிடம் கேள். நிற்கும்போது மவுஸ் அம்பு நகர்கிறதா? அம்பு நகர்கிறது, க்ளிக் செய்தால்தான் எதுவும் திறப்பதில்லை, கொஞ்சம் பொறுத்தால் அத்தனை க்ளிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது என்றால் டிஸ்க் பக்கம் தேடு. அம்பும் உறைந்து, ஸ்பீக்கர் ஒரே சத்தத்தை இழுத்துக்கொண்டிருந்தால் டிரைவர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், போர்டு என்று பார்க்க வேண்டியிருக்கும். இதை முடிவாக எடுத்துக்கொள்ளாதே, எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ள உதவும். இன்னொன்று: நிற்கும் ஒவ்வொரு முறையும் மணியைக் காகிதத்தில் குறித்துவைக்கச் சொல்.

அந்த நேரம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து அந்த நிமிடத்துக்குப் போ. 129 என்று ஓர் எச்சரிக்கை இருந்தால், விண்டோஸ் டிஸ்க்கிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, பதிலே வராமல் ரீசெட் செய்திருக்கிறது என்று அர்த்தம். 153 என்றால் ஒரு வேலையைத் திரும்பக் கொடுத்திருக்கிறது. 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட இடம். லினக்ஸ் என்றால் டிமெசேஜில் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்ற வரியைத் தேடு. அங்கே காத்திருக்கும் நேரம் வழக்கமாக 30 நொடி. நின்றுபோன நேரமும் அதை ஒட்டி வந்தால் சந்தேகம் வலுக்கும்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுவதை வைத்து மட்டும் எதையும் சொல்லாதே. பக்கத்தில் இருக்கும் வேகத்தைப் பார். வைரஸ் ஸ்கேனோ அப்டேட்டோ ஓடினால் 100-உம் இருக்கும், வேகமும் இருக்கும். 100 காட்டிக்கொண்டு வேகம் பூஜ்யத்தில் நின்றால் டிஸ்க் பதில் சொல்லவில்லை.

இதுவரை நீ எதையும் தொடவில்லை. தொடுவதற்கு முன் பேக்கப் எடு. செக்டிஸ்க் ஓட்டுவதற்கும் முன்னால். சாகப்போகிற டிஸ்க்கை செக்டிஸ்க் கடைசி மூச்சு வரை உழைக்க வைத்துவிடும். உள்ளே யாருடைய கல்யாணப் படமோ, எத்தனை வருடக் கணக்கோ இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவசரத்துக்கு இடம் கொடுக்காதே.

பிறகு டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படி. ஹார்ட் டிஸ்க்கில் 197-ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றச் சொல்லிவிடு. கெட்ட இடத்தை டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்ப்பதால்தான் சிஸ்டம் நிற்கிறது. நாஸ் பெட்டிக்கென்று செய்த டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடியில் கைவிட்டுவிடும். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் அப்படி எளிதில் விடுவதில்லை.

199-ஆம் வரியைத்தான் நிறையப் பேர் பார்க்காமல் விடுகிறார்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைந்து போன தடவைகளின் எண்ணிக்கை அது. அது ஏறினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படு. கேபினெட்டைத் திறந்து சாட்டா கேபிளைக் கண்ணால் பார்: பக்கக் கதவு அழுத்தி முனை சாய்ந்திருக்கும், கிளிப் இல்லாத கேபிள் அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பவர் முனை தளர்ந்திருக்கும். சின்னக் கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு பதைக்கும். கேபிளை மாற்றினாலும் அந்த எண் இறங்காது. அதனால் மாற்றிய அன்றைய எண்ணை ஜாப் கார்டில் எழுதிவை. ஒரு வாரம் கழித்தும் அதே எண் என்றால் கோளாறு போய்விட்டது.

கொஞ்ச நேரம் சும்மா விட்டுத் தொட்டவுடன் நிற்கிறது என்றால் மின்சேமிப்பைப் பார். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் 20 நிமிடத்தில் தூங்கி, ஃபைல் சேமிக்கும் ஜன்னல் திறக்கும்போது சுழன்று எழும்வரை எல்லாம் காத்திருக்கும். அது கோளாறே இல்லை, அமைப்பை மாற்றினால் போதும். சாட்டா இணைப்பையே தூங்கவைக்கும் வசதியும் உண்டு, சில டிஸ்க்குகள் அதிலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் இது உண்டு. 2017-இல் லினக்ஸ் 4.11 அந்த வசதியைத் தானாக இயக்கத் தொடங்கியதும் சில எஸ்எஸ்டிகள் தடுமாறின.

எல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறதா? ஃபர்ம்வேர் பக்கம் போ. குரூஷியல் எம்4 எஸ்எஸ்டிக்கு நடந்ததைத் தெரிந்துகொள். மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் அது பதில் சொல்லாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் வந்த 0309 ஃபர்ம்வேர்தான் அதைத் தீர்த்தது. எத்தனை முறை ஓஎஸ் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

டிஸ்க்கே சம்பந்தப்படாத சேமிப்புக் கோளாறும் உண்டு. ரைசன் கம்ப்யூட்டர்கள் சில திடீர் திடீரென்று நின்று ஓடின. பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம், போர்டில் பயாஸ் இருக்கும் சின்ன ஃபிளாஷ் சிப்போடு நீண்ட நேரம் பேசுவதால் இந்தத் தடங்கல் வருகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. தீர்வு பயாஸ் அப்டேட். இப்படி ஒரு சிஸ்டத்துக்குப் புது எஸ்எஸ்டியை விற்றுவிட்டால் அந்த மனிதரின் பணம் வீண். பயாஸ் ஏற்றும் முன் பிட்லாக்கரை நிறுத்திவைத்து, ரெக்கவரி கீ அவர் கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கேபிளையும் டிரைவரையும் மின்சேமிப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் சிஸ்டம் சரியாகலாம், எதனால் சரியானது என்று உனக்குத் தெரியாது. அடுத்த சிஸ்டத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

டிஸ்க்கை மாற்ற வேண்டி வந்தால் பழையதை உன் டிராயரில் போட்டுக்கொள்ளாதே. அதில் அவருடைய தகவல்கள் இருக்கின்றன. பில்லோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்து, எந்த வரியில் என்ன எண் இருந்ததால் மாற்றினாய் என்பதையும் பில்லின் பின்னால் எழுதிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்