உப்பைத் தேடிய இளவுயிரிகள்

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் பகுதியில் தூண்டிலோடு படகேறுவோர் பெரிதும் நாடுவது 'உடாங் காலா' எனப்படும் பெரிய நன்னீர் இறாலையே. மலாய்மொழியில் 'காலா' என்றால் நீண்ட கழி என்று பொருள். ஆண் இறாலின் நீண்ட நீலக் கால்களுக்கு இப்பெயர் நன்கு பொருந்துகிறது. 30 சென்டிமீட்டர் வரை வளரும் இந்த இறாலுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஆயினும், 1960களின் தொடக்கம்வரை இதனை முட்டையிலிருந்து வளர்த்தெடுக்கும் வழி தெரியவில்லை. ஆற்றில் பிடித்த குஞ்சுகளைக் குளத்தில் விட்டு வளர்ப்பதே வழக்கமாக இருந்தது.

1961ஆம் ஆண்டு, பினாங்கில் சாவ்வென் லிங் என்ற அறிவியலாளர் இச்சிக்கலை ஆராய்ந்தார். நன்னீர்த் தொட்டியில் முட்டைகள் எளிதாகப் பொரிந்தன. ஆனால், வெளிவந்த இளவுயிரிகள் சில நாள்களிலேயே மடிந்தன. பலவற்றையும் நீரில் கலந்து பார்த்த அவர், ஒரு நாள் சில சொட்டுச் சோயா சாஸையும் விட்டாராம். துவண்டு கிடந்த உயிரிகள் உடனே துடிப்புடன் நீந்தத் தொடங்கினவாம். சோயா சாஸில் மிகுந்திருப்பது உப்பு. ஆற்றில் வாழும் இறாலின் இளவுயிரிகளுக்கு உவர்நீர் தேவை என்ற உண்மை இவ்வாறு தெளிவாயிற்று.

இயற்கையில் நிகழ்வதும் இதுவே. சினையுற்ற பெண் இறால், ஆற்றின் போக்கில் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அங்குதான் இளவுயிரிகள் வளர்கின்றன. நன்னீரிலேயே தங்கிவிட்டால், நான்கைந்து நாள்களுக்குமேல் அவை உயிர்வாழ்வதில்லை.

இந்த இயற்கைச் சூழலையே இன்றைய குஞ்சு பொரிப்பகங்கள் தொட்டிக்குள் உருவாக்குகின்றன. முதலில், நலமான சினை இறால்களைத் தேர்ந்தெடுப்பர். நன்கு வளர்ந்த ஓர் இறால் 80,000க்கும் மேற்பட்ட முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்திருக்கும். தன் நீந்துகால்களை ஓயாமல் அசைத்து, முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்கச் செய்யும். தொடக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகள், ஏறக்குறைய மூன்று வாரங்களில் சாம்பல் நிறமாக மாறும். பொரியும் வேளை நெருங்கிவிட்டதற்கு அதுவே அறிகுறி. பொரிந்தபின் தாய் இறாலை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவர்.

இளவுயிரிகளின் தொட்டியில், ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 12 கிராம் உப்பு இருக்க வேண்டும். இது கடல்நீரில் உள்ள உப்பில் மூன்றில் ஒரு பங்காகும். மல்லாந்த நிலையில், வாலை முன்னே நீட்டி நீந்தும் இந்த இளவுயிரிகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் மிகச் சிறிய உப்புநீர் உயிரியை உணவாகக் கொடுப்பர். சற்று வளர்ந்தபின் வேகவைத்த முட்டைக் கலவையும் தருவர். உணவு குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். மிகுந்தால் எஞ்சியது அழுகி நீர் கெடும். ஆகவே, பணியாளர்கள் நாள்தோறும் தொட்டியைக் கவனித்துக் கழிவை அகற்றுவர். பதினொரு வளர்நிலைகளைக் கடக்க மூன்று முதல் ஐந்து வாரங்கள் ஆகும். அதன்பின் இளவுயிரிகள் பெரிய இறாலின் வடிவம் பெற்று, தொட்டியின் அடியில் ஊரத் தொடங்கும். அப்போது உப்பைப் படிப்படியாகக் குறைத்து, அவற்றை நன்னீருக்குப் பழக்குவர்.

1965ஆம் ஆண்டு மலேசியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்ட தாய் இறால்களைக் கொண்டு, தக்குஜி புஜிமுரா என்ற ஆய்வாளர் பெருமளவில் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கினார். பினாங்கில் தெளிவான உண்மை பல நாடுகளுக்கும் பயன் தந்தது.

இன்று பொரிப்பகக் குஞ்சுகள் குளங்களுக்கு மட்டுமன்றி, இறால்வளம் குன்றிய ஆறுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. ஆயினும், ஆற்றில் விட்ட குஞ்சு வளர்ந்து தாயாகும்போது, அதுவும் கழிமுகத்தைத் தேடிச் செல்ல வேண்டும். வழியில் தடுப்பணை மறித்தாலோ கழிவுநீர் கலந்தாலோ அதன் பயணம் பாதியிலேயே நின்றுவிடும். தொட்டியில் உப்பை அளந்து கலக்க மனிதனால் முடியும். ஆற்றையும் கடலையும் இணைக்கும் வழியைக் காப்பதும் அவன் கையில்தான் இருக்கிறது.