விண்வெளியில் தேனும் நீரும் கலத்தல்

ஒரு குவளை நீரினுள் ஒரு கரண்டி தேனை விட்டால் அது அடிக்குச் செல்லும். தேனின் அடர்த்தி நீரினதிலும் கூடியது. அதன் நிறை, நீர் வழங்கும் மேலுதைப்பை விஞ்சுகின்றது. இதே செயலைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செய்தால் தேன் அடியில் தங்காது. ஏன்?

“அங்கே புவியீர்ப்பு இல்லை” என எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலும் ஈர்ப்பு, தரையிலுள்ளதன் 90 சதவீதமளவில் உண்டு. ஆனால் நிலையமும் அதனுள் உள்ள யாவும் ஒன்றாகவே புவியை நோக்கி விழுந்தவண்ணம் சுற்றுகின்றன. எனவே நிறை உணரப்படுவதில்லை, மேலுதைப்பும் தோன்றாது. அடர்த்தி வேறுபாட்டால் ஏற்படும் மேற்காவுகை இன்றிப்போவதால், அசையாதுள்ள திரவங்கள் பரவல் மூலமே மெதுவாகக் கலக்கும்.

பரிசோதனையும் கணினியும்

ஒன்றோடொன்று கலக்காத எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லையில் இழுவிசை உண்டு. கலக்கும் திரவங்களிலும், செறிவு சடுதியாக மாறும் இடத்தில் அத்தகைய சிறு விசை தோன்றலாம் என்னும் கருத்துக்கு 1901 இல் ஒல்லாந்து அறிஞர் கோர்ட்டெவெக் கணித வடிவம் கொடுத்தார். புவியில் மேற்காவுகை இவ்விளைவை மறைத்துவிடும். ஆகவே 2004 இல் விண்வெளி நிலையத்தில் ஏற்கெனவே இருந்த பொருள்களைக் கொண்டே, தேனை நீரினுள் செலுத்திச் சோதித்தனர்.

இதனைக் கணினியில் போலச்செய்யும்போது பாத்திரம் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கூறிலும் வேகம், அமுக்கம், செறிவு என்பன நியூற்றனின் இரண்டாம் விதி, திணிவுக் காப்பு, பரவல் விதி ஆகியவற்றைக் கொண்டு கணத்துக்குக் கணம் கணிக்கப்படும்.

அவ்விசை போதியளவு இருப்பின் தேன்தாரை துளிகளாக உடைய வேண்டும். ஆனால் தாரை உடையவில்லை. இதனால் “விசையே இல்லை” என முடிவு செய்யலாமா? கூடாது. போலச்செய்தலுடன் ஒப்பிட்டு, அவ்விசை இருப்பினும் அது குறித்த அளவை விஞ்சாது என்ற மேல் எல்லையே பெறப்பட்டது. எதிர்பார்த்தது நிகழாதபோதும் பரிசோதனை ஒரு முடிவைத் தருகின்றது என்பதை மனதிற் கொள்க.

மாதிரி வினா

விண்வெளி நிலையத்தில் நீரை ஒரு பக்கத்தில் வெப்பமேற்றும்போது மேற்காவுகை ஓட்டம் தோன்றாமைக்குக் காரணம் தருக.

விடை: வெப்பமேறிய நீரின் அடர்த்தி குறையும். எனினும் நிலையமும் நீரும் ஒன்றாக விழுவதால் மேலுதைப்பு தோன்றாது, அந்நீர் மேலெழாது.

குறிப்பு: “அடர்த்தி குறையும்” என்பதோடு நிறுத்தினால் விடை முழுமை பெறாது. மேலுதைப்பு இல்லாமைக்கான காரணத்தையும் எழுதுக.