சுவாசக் குழாய் நழுவாமல் காத்தல்

தாமாக மூச்சுவிட இயலாத நோயாளியின் மூச்சுக்குழலில் வாய்வழியே ஒரு குழாயைச் செலுத்தி, நுரையீரலுக்குக் காற்றை அளிக்கின்றனர். 1952ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, டாக்டர் பியோர்ன் இப்சனின் யோசனைப்படி நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் காற்றுப்பையை அமுக்கிப் பல உயிர்களைக் காத்தனர். இன்றும் இத்தகைய நோயாளியின் உயிர் அக்குழாயையே நம்பியுள்ளது. அது திடீரென வெளியேறினால், பிராணவாயுக் குறைவால் சில நிமிடங்களில் மூளை பழுதுறலாம்.

குழாய் வெளியேறுவதற்குக் காரணங்கள் பல. மனக்குழப்பமுற்ற நோயாளி தாமே அதைப் பிடுங்கிவிடுவதுண்டு. எச்சில் பட்டு ஒட்டுநாடா நெகிழ்வதுண்டு. நோயாளியைப் புரட்டும்போதும் தூக்கும்போதும் இணைப்புக் குழல் இழுபடுவதுண்டு. தலை நிமிர்ந்தால் குழாயின் நுனி மேலேறும், தாழ்ந்தால் கீழிறங்கும்.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்திலுள்ள வட்டவடை போன்ற மலையூர்களில் இவ்வபாயம் அதிகம். அங்கிருந்து மூணாற்றுக்கே சுமார் 45 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்கவேண்டும். வழியில் ஒரு மருத்துவமனையில் குழாய் பொருத்தப்பட்டு, நோயாளி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவாராயின், ஒவ்வொரு வளைவிலும் அவர் உடல் அசையும்.

ஆகவே, புறப்படுமுன் குழாயை உறுதியாகக் கட்டி, பல்வரிசையில் தெரியும் அளவுக்குறியைக் குறித்துக்கொள்ள வேண்டும். வயதுவந்தோரில் இது ஏறத்தாழ பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டராகும். குறித்த அளவு மாறியுள்ளதா என்று அடிக்கடி நோக்குக. நோயாளியைத் தூக்குங்கால் ஒருவர் குழாயையும் தலையையும் மட்டுமே பிடித்திருத்தல் வேண்டும். அவர் சொன்ன பின்னரே மற்றவர் தூக்கவேண்டும். வெளிமூச்சிலுள்ள கரியமிலவாயுவைக் காட்டும் கருவி இருப்பின், குழாய் விலகியதை அது விரைவில் அறிவிக்கும்.

கைகளைக் கட்டிவைப்பது மட்டும் போதிய பாதுகாப்பன்று. அதனால் நோயாளியின் கலக்கம் மிகுவதும் உண்டு. வலியைத் தணித்து, நிலைமையை அன்புடன் எடுத்துரைத்தலே நலம். குழாய் இன்னும் தேவையா என்பதை மருத்துவர் நாள்தோறும் ஆராய்வதும் அவசியம்.

குழாய் வெளியேறிவிட்டால் அதை மீண்டும் உள்ளே தள்ள முயலலாகாது. வண்டியை நிறுத்தி, முகமூடியுடன் கூடிய காற்றுப்பையால் உடனே பிராணவாயு அளித்து, மருத்துவ உதவியை நாடவேண்டும். ஆதலால் அப்பையும் முகமூடியும் பெட்டிக்குள் அன்றி, நோயாளியின் தலைமாட்டிலேயே இருத்தல் வேண்டும்.